கேட் மூடியிருக்கும் நேரம்

ஸ்டேஷன் மாஸ்டர் முகத்தை நான் பார்த்ததில்லை.
ஆறு வருஷமாய்க் குரல் மட்டும்.
கொஞ்சம் இருமல், பின்னால் ஒரு ஃபேன் சத்தம்,
"கொருக்குப்பேட்டை கேட், சரக்கு வருது, மூடு."
மூடுவேன்.
பூட்டிவிட்டு, நம்பர் புத்தகத்திலிருந்து
அடுத்த எண்ணைச் சொல்வேன்: எழுபத்து மூன்று.
அவரும் திருப்பிச் சொல்வார்: எழுபத்து மூன்று.
எண்ணின் மேல் ஒரு கோடு.
இவ்வளவுதான் எங்களுக்குள் உடன்படிக்கை.

ரயில் இன்னும் கண்ணில் படாது.
தண்டவாளத்தில் ஒரு நாய் உட்கார்ந்து சொறிந்துகொண்டிருக்கும்.
கேட்டுக்கு அந்தப் பக்கம் தண்ணி லாரி, ஸ்கூல் வேன்,
ஐஸ் உருகி ஒழுகும் மீன் ஆட்டோ.
"இன்னாம்மா, வண்டியே காணோம்,
இன்னாத்துக்கு சாத்திகினு கீற?"
என்ன பதில் சொல்ல?
சொல்லியாச்சு. வரும். அவ்வளவுதான் தெரியும் எனக்கு.

காலை நாலரைக்கு, தண்டையார்பேட்டை வீட்டில்,
ஸ்டவ்வுக்கும் கட்டிலுக்கும் நடுவே
இரண்டடி இடத்தில் முழங்கால் போடுவேன்.
வெல்டிங் கடை மாடியில் எங்கள் சபை;
அங்கே ஜெபிப்பவர்கள் குழாய் உடைந்த மாதிரி கொட்டுவார்கள்.
எனக்கு அது வராது. பட்டியல் வாசிப்பேன்:
சீட்டுப் பணம்,
சாலமோனின் மூட்டு,
ஜெருஷாவின் கணக்குப் பரீட்சை,
குடத்துத் தண்ணியில் வருகிற எண்ணெய் வாடை.
நடுவில் பால் பொங்கும்.
ஆமென் சொல்லாமலே எழுந்து ஓடுவேன்.
கோபித்துக்கொள்ளமாட்டார்.
கரையில் நெருப்பு மூட்டி மீன் சுட்டவர்தானே,
அடுப்பு அவருக்கும் தெரியும்.

வசனக் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து
டிபன் டப்பாவுக்கு அடியில் வைத்துக்கொள்வேன்.
சில நாள் பொருந்தவே பொருந்தாது.
வீட்டுக்காரர் வாடகைக்கு வந்து நின்ற காலையில்
யாரோ ஒரு ராஜாவின் குதிரைகளைப் பற்றி இருந்தது.
அதையும் மடித்து வைத்தேன்.

போன ஐப்பசி மழையில்
ஆம்புலன்ஸ் வந்து நின்றது.
மணலியிலிருந்து டேங்கர் ரயில்.
பூட்டியாச்சு, நம்பரும் கொடுத்தாச்சு.
சாவி என் கையில்.
டிரைவர் இறங்கி வந்தான். திட்டவில்லை.
திட்டியிருந்தால் தேவலை.
அவன் பின்னால், திறந்த கதவுக்குள் ஒரு பாதம் மட்டும் தெரிந்தது,
வெள்ளிக் கொலுசோடு.

போனை எடுத்தேன்.
"தெறக்காத பெர்சியாள். சிக்னல் குடுத்தாச்சு."
என் பேர் அவருக்குத் தெரியும் என்பது
அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

ஜெபிக்க வார்த்தை வரவில்லை.
டேங்கர்களை எண்ணினேன்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு "இயேசுவே".
நாற்பத்தெட்டு.
கடைசிப் பெட்டியில் கார்டு
மழைக்கோட்டுக்குள் இருந்து பச்சைக் கொடி அசைத்துக்கொண்டே போனார்,
நல்ல நாள் ஒன்றைப் போல.

கேட்டைத் தூக்கினேன்.
ஸ்டான்லி பக்கம் சைரன் தேய்ந்து போனது.

பிழைத்தாளா? யாரைப் போய்க் கேட்பது.
அவரைத்தான் கேட்கிறேன், இன்னமும்,
சாலமோனின் மூட்டுக்கு அடுத்தபடியாக.
பேர் தெரியாததால் "கொலுசு" என்கிறேன்.
அவருக்குப் புரியும்.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லக் கூப்பிட்டார் பாஸ்டர்.
மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
முடிவு தெரியாததை எப்படிச் சாட்சியாகச் சொல்ல?
"ஸ்தோத்திரம்" என்று மட்டும் சொல்லிவிட்டு
மைக்கைத் திருப்பிக் கொடுத்தேன்.
முன் வரிசையில் ஒரு பிள்ளை சிரித்தது.

இப்போது மணி அடிக்கிறது.
இருமல். ஃபேன்.
எண்பத்தாறு என்கிறேன்.
எண்பத்தாறு என்கிறார்.
தண்டவாளம் வெறிச்சோடிக் கிடக்கிறது,
ஹாரன் அடித்துத் தீர்க்கிறார்கள் இந்தப் பக்கம்.
நாய்
காதைத் தூக்கிப் பார்த்துவிட்டு
எழுந்து நகர்கிறது.