வெறுங்கை

மஸ்ஜித் பந்தர் கிடங்கில்
எடை எழுதுவது என் வேலை.
மிளகாய் மூட்டை, மஞ்சள் மூட்டை,
சாக்கின் எடை கழித்து
சரக்கின் எடை மட்டும்
சிவப்பு நோட்டில்.
பதினாறு வருஷத்தில் ஒரு மூட்டையும்
என் முகத்தைப் பார்த்து
எவ்வளவு என்று கேட்டதில்லை.

செம்பூர் ஸ்டேஷன் எடை மிஷினில்
கலர் பல்புகள் சுற்றும்.
காசு போட்டால் அட்டை விழும்.
ஒரு பக்கம் எடை,
மறுபக்கம் அதிர்ஷ்டம்.
பொன்கனிக்கு ஒன்பது வயது, நாற்பத்தாறு கிலோ.
நண்பர்கள் உங்களைத் தேடி வருவார்கள் என்று
இந்தியில் அச்சடித்திருந்தது.

ஓட்டப்பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கப் போனவளை
'மோட்டி, மைதானம் உடைஞ்சிடும்' என்று
சிரித்து அனுப்பியிருக்கிறார்கள்.
அது எனக்குத் தெரியும்போது
ஒரு மாதம் ஆகியிருந்தது.
அவள் தலையணை உறைக்குள்
பதினோரு அட்டைகள்.
எல்லாம் அதிர்ஷ்டம் மேலே தெரியும்படி.

காட்கோபர் டாக்டரம்மா திட்டவில்லை.
'குறைக்க வேண்டாம், நிறுத்தினால் போதும்,
உயரம் வந்து சேர்ந்துகொள்ளும்.
பட்டினி போடாதீர்கள்.
அவளுக்கு மட்டும் தனித் தட்டு வைக்காதீர்கள்.'
பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்:
'ராத்திரி வீட்டுக்குத் தின்பண்டம்
வாங்கி வருவது யார்?'
ராஜகனி காலண்டரைப் பார்த்தாள்.
என்னைக் காட்டிக்கொடுக்காமல்
பொன்கனி ஜன்னலைப் பார்த்தாள்.

நான்தான்.
அவள் தூங்கும்போது கிளம்பி
அவள் தூங்கப்போகும்போது திரும்புகிறவன்
இடையில் கிடைக்கும் ஒரு மணி நேரத்தை
எதில் கட்டிக்கொண்டு வருவான்?
ஜிலேபியில், சிவடாவில்,
எண்ணெய் ஊறிய காகிதத்தில்.
பிள்ளை இருக்கிற வீட்டுக்கு
வெறுங்கையோடு போகக் கூடாது என்பார்களே,
நான் ஒருநாளும் போனதில்லை.

வெறுங்கையோடு போன முதல் நாள்
கதவைத் திறந்தவள்
கையைப் பார்த்தாள்.
அப்புறம் இன்னொரு கையை.
முகத்துக்கு வந்து சேர
ரொம்ப நேரமானது.

மூன்றாவது வாரம் தோற்றேன்.
நூறு கிராம் ஜிலேபி வாங்கி
பிளாட்பாரம் பெஞ்சில் உட்கார்ந்து
நானே தின்றேன்.
கர்ச்சீப்பில் வாயைத் துடைத்துக்கொண்டு
யோக்கியனாய் வீட்டுக்குப் போனால்
சட்டையை மோந்து பார்த்து,
'உனக்கும் கஷ்டமாத்தான் இருக்காப்பா?' என்றாள்.

கலர் பாட்டில்கள் போய்
அந்தப் பாட்டில்களிலேயே தண்ணீர் வந்தது.
பீர்க்கங்காயை மூன்று பேரும்
முகம் சுளித்துத் தின்றோம்.
கணபதிக்குப் பக்கத்து வீட்டு ஷிண்டே வஹினி
மோதகம் கொடுத்தாள்.
பொன்கனி இரண்டு சாப்பிட்டாள்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லாமல் இருக்கத்தான்
ராஜகனிக்கும் எனக்கும்
அத்தனை பயிற்சி தேவைப்பட்டது.

சேட்டிடம் கெஞ்சி
ஏழு மணி வண்டிக்கு மாறினேன்.
சம்பளத்தில் கொஞ்சம் போனது.
ட்யூஷன் விட்டு ஸ்டேஷன் வாசலில் நிற்பாள்.
ஷேர் ஆட்டோ வரிசையைத் தாண்டி
மேம்பாலத்துக்கடியில்
வெளிச்சமும் சத்தமுமாய் இருக்கும்
நீள வழியில் நடப்போம்.
பாதி நாள் புலம்பல்தான்:
கால் வலிக்குது, செருப்பு கடிக்குது,
இன்னும் எவ்ளோ தூரம்.
மீதி நாள்
எனக்கு வாய் திறக்க இடமிருக்காது.
அவள் தோழி சைராவின் பூனை
குட்டி போட்ட கதையே
மூன்று சாயங்காலம் ஓடியது.

டிசம்பரில் டாக்டரம்மா எழுதியது
அதே நாற்பத்தாறு.
உயரம் மட்டும் மூன்று சென்டிமீட்டர் கூடி.
நகராத எண்ணைப் பார்த்து
கண் கலங்கிய எடைக்காரன்
பம்பாயில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.
ராஜகனி அவள் யூனிஃபார்ம் மடிப்பைப் பிரித்தாள்.
வெளுக்காத நீலம் ஒரு விரல் அகலத்துக்கு
புதிதாய் வெளியே வந்தது.

மோட்டி என்று இன்னும் கூப்பிடுகிறார்கள்.
அதற்கு அந்த டாக்டரம்மாவிடம்
மருந்து இல்லை.

நேற்று
பல்பு சுற்றும் மிஷின் முன்னால் நின்றாள்.
'காசு இருக்காப்பா?'
இல்லையென்று கையை விரித்தேன்.
கொஞ்சம் பார்த்தாள்.
புத்தகப் பையைக் கழற்றி
அந்தக் கையில் மாட்டிவிட்டு
படிக்கட்டைப் பார்த்து ஓடினாள்.

ஐந்து கிலோ இருக்கும்,
சாக்கைக் கழிக்காமல்.