பாக்கி ஒரு கோப்பை

யோயிதோவில், நாடாளுமன்றத்துக்குப் பின்சந்தில்
பதினொரு நாற்காலி போட்ட கடை எங்களுடையது.
அந்த வாரம் அவற்றை மாடிப்படியில் அடுக்கிவிட்டோம்.
உட்காரவா வந்தார்கள்?

ராணுவச் சட்டம் என்று நள்ளிரவுக்கு முன் சொல்லி
விடியுமுன் இல்லை என்றானது.
ஆனாலும் கால்கள் வீடு திரும்பவில்லை.
மைனஸ் ஐந்தில், தார்ச்சாலையில்,
வெள்ளித்தாள் போர்த்திய பெண்பிள்ளைகள்.
பிடித்த பாடகனுக்காக வாங்கிய விளக்குக் குச்சி
பிடிக்காத ஆட்சியின் முகத்துக்கு நேரே எரிந்தது.

முதல் அழைப்பு புதன் இரவு.
'நூறு கோப்பை. பணம் கட்டிவிட்டேன்.
வருகிறவர்களுக்குக் கொடுங்கள்.'
யார் வந்தால், என்றேன்.
'குளிரோடு வருகிறவர்கள்.'

அப்புறம் ரசீது இயந்திரம் வாய் மூடவில்லை.
லைப்ஸிக்கிலிருந்து நாற்பது.
ஒஸாகாவில் ஓர் அஞ்சல்காரர் இருபது, குறிப்பில்:
வாழ்நாளில் நான் ஒரு ஊர்வலமும் போனதில்லை,
சர்க்கரை தாராளமாகப் போடுங்கள்.
ரொசாரியோக்காரி ஒருத்தியின் அட்டையை
வங்கி நான்கு முறை திருப்பி அனுப்பியது.
இங்கே படிக்கும் யாரோ ஒரு பையனின் கணக்கு வழியாக
ஆறு கோப்பைகளாக வந்து சேர்ந்தாள்.

'நம் கடையில் அரசியல் கிடையாது' என்பார் முதலாளி பாங்.
நடுத்தரக் கோப்பைக் காசுக்கு
அவர் பெரிய கோப்பையில் ஊற்றுவதைப் பார்த்தேன்.
சொல்லவில்லை.

சனிக்கிழமை மாலை, நெரிசலுக்குள்
எண்ணெய்க்கறை ஜாக்கெட்டில் ஒருவர்.
மார்பில் 'மின்சு' என்று தைத்திருந்தது.
ஆன்சானில், இரும்புத்தகடு அழுத்தும் பட்டறையில்
மேஸ்திரியின் நாக்குக்கு வசதியாக வைத்த பெயர்.
ஸா டோ தூ, என்றார், நான் கேட்டதால்.
உறை ஒன்றை நீட்டினார்.
வலக்கையில் பணம், இடக்கை முழங்கையைத் தொட்டபடி.
எங்கள் ஊரிலும் இப்படித்தான் கொடுப்போம், என்றேன்.
'எங்கள் ஊரிலும்.'

ஐந்து கோப்பை. அக்கா அனுப்பியது.
மே ஸாட்டில், ஆற்றுக்கு இக்கரையில்,
சட்டைக் கழுத்துப்பட்டை தைக்கிறாளாம்.
ஒரு நாள் கூலிக்கு மேல் இருக்கும்.
ஏன், என்று கேட்டது என் தப்பு.

'அந்தப் பிப்ரவரியில் எங்கள் தெருவுக்குள் டாங்கி வந்தபோது
இந்த நகரத்தில் யாரோ
அட்டையில் மூன்று விரல் வரைந்து மழையில் நின்றார்கள்.
அக்கா படம் வைத்திருக்கிறாள்.
முகம் தெரியாது. முகக்கவசமும் குடையும்தான்.'

அந்தக் குடைகளில் என்னுடையது இல்லை.
மழை என்று ஜன்னலைச் சாத்தியிருப்பேன், அவ்வளவுதான்.
நான் நனையாத மழைக்கு
எனக்கு நன்றி வந்திருக்கிறது.
யாரோ என் பெயரில் முன்பணம் கட்டியிருக்கிறார்கள்.

'நீங்களும் ஒன்று குடியுங்கள்.'
'வேண்டாம். தூக்கம் போய்விடும். காலையில் ஷிப்ட்.'
வெள்ளித்தாள்களுக்கு நடுவே
மின்சு என்ற பெயர் கொஞ்ச தூரம் தெரிந்தது.

ஒன்பது மணிக்கு மேல் செய்தி வந்தது.
ஓட்டெடுப்புக்கு ஆள் போதவில்லை.
உள்ளே போதவில்லை. வெளியே
நிற்க இடமில்லை.
விரல்கள் நீலம் பாரித்த ஒரு பையன்,
அவன் தோழி,
ஒலிபெருக்கி வயர் சுற்றிக்கொண்டிருந்தவர்,
பேசாமல் அழுத ஒரு வரித்துறை குமாஸ்தா.
அந்த ஐந்தில் நான்கு போனது.
ஐந்தாவது கேட்க ஆள் வருமுன்
பால் தீர்ந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை ஜெயித்தோம்.
அதை நான் சொல்லத் தேவையில்லை,
அந்தச் சத்தத்தில் எங்கள் கண்ணாடிக் கதவு நடுங்கியது.
நாற்காலிகள் இறங்கின. ஒன்று கால் ஆடுகிறது.

முதலாளி கணக்கை முடிக்கச் சொல்கிறார்.
பாக்கி ஒன்று, என்கிறேன்.
யாருக்கு?

மோயி ஆற்றுக்கு அக்கரையில்
இன்னும் அந்தச் சனிக்கிழமை வரவில்லை.