நின்ற சங்கிலி

முதலில் பிளக்கைப் பிடுங்கு என்றாள் சென்னம்மா.
பம்புசெட் கொட்டாயிலிருந்து
அறுபதடி ஒயர் இழுத்து வந்திருந்தோம்,
சந்தூர்க் காற்றில் சாய்ந்த
பெங்களூரா மாமரத்துக்கு.

மோட்டார் முனகுகிறது.
சங்கிலி நகரவில்லை.

பிரேக் முன்னால் தள்ளியிருக்கிறதா? இல்லை.
எண்ணெய்? பாதி டப்பா இருக்கிறது.
மூடியைக் கழற்றினால்
பல்சக்கரத்தைச் சுற்றிப்
பிசினில் குழைந்த மரத்தூள், புட்டு மாதிரி.
கொண்டை ஊசியால் சுரண்டி எடுத்தாள்.
திருகைக் கொஞ்சம் தளர்த்திக்
கையால் இழுத்தாள்.
ஓடியது.

பிளக்கைச் செருகினேன்.
இரண்டு விரல் ஆழம் போயிருக்கும்,
கிறீச்.

இந்த முறை அவள் மரத்தைப் பார்த்தாள்.
வெட்டுவாயில் மினுங்கியது முள்கம்பி.
எந்தக் காலத்திலோ வேலிக்கு அடித்தது;
மரம் தின்று மூடியிருக்கிறது.

வேலி இங்கேதான் இருந்தது என்று
பங்காளி முனிராசு
கிருஷ்ணகிரி கோர்ட்டில் ஒன்பது வருஷமாகச் சொல்கிறான்.
இல்லவே இல்லை என்று
நாங்களும் ஒன்பது வருஷமாக.

நான் மழுங்கிய பற்களை எண்ணினேன்.
நாலு. ஐந்து.
"வேற பக்கம் அறுக்கலாமா?"

"அறு," என்றாள்,
"கம்பி எங்க போவப் போவுது?"
பிளக்கைப் பிடுங்கி
இடுப்பில் செருகிக்கொண்டாள்.