கரப்பான், எண் 117

வின்னிபெக். வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
ஒரே ஆளை இரண்டு அறைகளில் பார்க்கிறோம்.
முதல் அறையில் நானும் ஐந்து கேள்விகளும்.
இரண்டாம் அறையில் டாக்டர் ஒலெனா.
அவர் சொல்வதே உண்மை என்று
ஆய்வுத் திட்டத்தின் நான்காம் பக்கத்திலேயே முடிவாகிவிட்டது.
அந்த உண்மையை என் படிவம்
எத்தனை தரம் தொடுகிறது, எத்தனை தரம் தவறவிடுகிறது
என்பதுதான் கணக்கு.

இரண்டாம் கேள்வி:
கடந்த ஓராண்டில் தோல் வறண்டதுண்டா?
இந்த ஊரில் இதற்கு இல்லை என்றவரை
இன்னும் நான் சந்திக்கவில்லை.
தபால்காரர் வறண்டிருக்கிறார்.
பனி வாருகிறவர் வறண்டிருக்கிறார்.
கேட்கிற எனக்கே விரல் முட்டிகள் வெடித்திருக்கின்றன.
'இது எதற்கு?' என்று ஓரத்தில்
பென்சிலால் எழுதிவைத்தேன்.

நூற்றுப் பதினேழு, குளிர்கோட்டுத் தொழிற்சாலையில்
ஜிப் தைக்கிறவர்.
என் தமிழைக் கேட்டதும் ஆங்கிலத்தைக் கழற்றி
கோட்டோடு சேர்த்துக் கொக்கியில் மாட்டினார்.

நமைச்சல்? உண்டு. வறட்சி? கேட்கவே வேண்டாம்.
ஆஸ்துமா? இல்லை.
இரண்டு வயதுக்கு முன்பே தொடங்கியதா?
"ஆரைக் கேக்கிறது பிள்ளை,
சொல்லக்கூடிய ஆக்கள் ஒருத்தரும் இல்லை."
'தெரியாது' என்று ஒரு கட்டம் அச்சிடப்படவில்லை.
விதிப்படி, தெரியாததும் இல்லைதான்.

சிவப்பு?
முழங்கை மடிப்பில் விளக்கைச் சாய்த்தேன்.
நாவற்பழத் தோல் போல ஒரு தடிப்பு,
கருமைக்குள் இன்னும் கொஞ்சம் கருமை.
சிவப்பில்லை.
மொத்தம் இரண்டு. தேவை மூன்று.
நோய் இல்லை என்று கையெழுத்திட்டேன்.

அடுத்த அறையில் ஒலெனா
கையுறையைக் கழற்றிவிட்டு
விரலால் தடவித் தடவிப் பார்த்தாராம்.
ஒரே சொல் எழுதியிருந்தார்: உண்டு.

மாலை, நான்கு கட்ட அட்டவணையில்
கீழ் இடது மூலைக்கு ஓர் ஆள் கூடினார்.
பொய் எதிர்மறை: ஒன்பது.
உணர்திறன் எண்பத்தொன்றிலிருந்து
எழுபத்தொன்பதரைக்கு இறங்கியது.
எண்பதுக்குக் குறையாது என்று
நிதி கேட்ட விண்ணப்பத்தில் எழுதியிருந்தோம்.
ஒன்பது தாள்களையும் எடுத்து மேசையில் பரப்பினேன்.
தோல் நிறம் என்ற இடத்தில்
ஏழு தாள்களில் என் கையெழுத்து
ஒரே சொல்லை எழுதியிருந்தது.

கரப்பதென்றால் ஒளிப்பது.
இந்த நோய்க்குக் கரப்பான் என்று பேர் வைத்தவருக்கு
இது முன்பே தெரிந்திருக்குமோ, என்னவோ.
ஒளிந்தது நோயா,
நாங்கள் தேடிய நிறமா?

புறப்படும்போது, ஒரு கை கோட்டுக்குள்ளும்
ஒரு கை முழங்கையிலுமாக நின்று அவர் கேட்டார்:
"உங்கட தாள் என்ன சொல்லுது?"
இல்லை என்கிறது, என்றேன்.
"அப்ப ராத்திரி முழுக்கக் கிடந்து
சொறிஞ்சது ஆர்?"