வகைப்படுத்த முடியாத செலவு

மார்ச் பிறந்ததும் டௌகவா ஆற்றில் பனிக்கட்டி உடையும்.
ரீகா நகரத்து இசைக்காரர்கள்
பிளாஸ்டிக் பையில் ரசீதுகளோடு
என் மாடிப்படி ஏறுவார்கள்.
வரிப் படிவம் நிரப்புவது என் பிழைப்பு.
தலைக்கு அறுபது யூரோ.

இன்றைக்கு ஓயார்ஸ்.
வயோலா வாசிப்பவர். நாடக அரங்கின் வாத்தியக்குழு கலைந்து
நாலு வருடம்.
ஈரக் குல்லாயை ரேடியேட்டர் மேல் விரித்துவிட்டுக் கேட்டார்:
"திரிந்துபோன பாலைச் செலவில் காட்டலாமா?"

புரியவில்லை எனக்கு.

சமையலறையில்தான் பதிவு செய்கிறாராம்.
குளிர்பெட்டியின் உறுமல்
வயோலாவின் கீழ்த்தந்தியோடு மல்லுக்கு நிற்கிறதாம்.
இரவு பதினொன்றுக்கு இணைப்பைப் பிடுங்கிவிடுகிறார்,
விடிந்ததும் செருக மறந்துவிடுகிறார்.
பால். சில நாள் மீன்.
ஒருமுறை, மகளின் பிறந்தநாள் கேக்.

சட்டத்தில் இடமிருக்கிறதா பார்க்கிறேன் என்றேன்.

வருமானம் ஒரே தாளில் அடங்கிவிட்டது.
பதினாறு லட்சத்து நாற்பதாயிரம் முறை
உலகம் அவரைக் கேட்டிருக்கிறது.
கம்பெனிகள் தம் பங்கை எடுத்துக்கொண்டபின்
ஆயிரத்து அறுநூற்று நாற்பது யூரோ.
ஒரு தடவைக்கு ஒரு சென்ட் கூட இல்லை,
சென்ட்டில் பத்தில் ஒரு துணுக்கு.
"முப்பது வினாடிக்குள் தள்ளிவிட்டால் அதுவும் இல்லை.
அதனால் முன்னுரையெல்லாம் நிறுத்திவிட்டேன்" என்றார்,
"கதவைத் திறந்ததும் சூப்."

இரண்டாம் பக்கத்தில் புனைபெயர்கள். பதினொன்று.
தூங்குகிறவர்களுக்கு ஒன்று, படிக்கிறவர்களுக்கு ஒன்று,
பட்டாசுக்குப் பயப்படும் நாய்களுக்கு ஒன்று.
ஏழாவது வரியில்
சிக்னே ஆல்வ்.

பேனா நின்றது.

சிக்னே ஆல்வை எனக்குத் தெரியும்.
ஸ்வீடனில் ஏரிக்கரையில் வீடு.
காதோரம் கத்தரித்த நரைமுடி.
கணவன் போனபின் பேச்சைக் குறைத்துக்கொண்டவள்.
இதெல்லாம் யாரும் சொல்லித் தெரிந்ததில்லை.
என் விவாகரத்து முடிந்த மாதத்திலிருந்து
அவளை வாசிக்கவிட்டுத்தான் கண் மூடுகிறேன்;
இருட்டில் நானே கட்டிய வீடு அது.

எதிர் நாற்காலியில் அவள்
மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்,
மூன்று நாள் தாடியோடு.

சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை. கணக்குப் போட்டேன், கைக்கு வருவது அதுதான்.
இரவுக்கு நாற்பது முறை, முந்நூறு இரவு,
பன்னிரண்டாயிரம்.
ஒரு வருடச் சந்தா நான் கட்டியது நூற்று நாற்பத்துநாலு.
அதில் இந்த மனிதரின் பைக்குப் போனது பன்னிரண்டு.
எனக்கு அவர் அறுபது தர வேண்டுமென்றால்
ஐந்து வருடம் நான் தூங்க வேண்டும்.

"ஏன் சிரிக்கிறீர்கள்?"
"பால் கணக்கு" என்றேன்.

கட்டணம் முப்பது என்று எழுதினேன்.
உடனே கூசியது. பிச்சையா இது, பாக்கியா?
அடித்துவிட்டு அறுபதே எழுதினேன்.
ஐம்பதை நோட்டாகவும் பத்தைச் சில்லறையாகவும்
எண்ணி வைத்துப் போனார்.
குல்லாய் காய்ந்திருக்கவில்லை.

இரவு. அதே இசை.
ஒரு நிமிடம் ஐம்பதாவது வினாடியில் எப்போதும் ஒரு மணி ஒலிக்கும்.
ஏரிக்கு அக்கரையில் தேவாலயம் என்று வைத்திருந்தேன்.
அது பதினோராம் எண் டிராம்.
அவர் சன்னலுக்குக் கீழே வளைவில் திரும்புகிறது.
அழிக்க நேரமில்லையோ, மனமில்லையோ.
கடைசி வண்டியாக இருக்கும்,
யாரோ உட்கார்ந்திருப்பார்கள் உள்ளே.

நான் தூங்கினாலும் கைபேசி ஒன்று என்று எண்ணும்.
விழித்துக் கேட்டாலும் அதே ஒன்று.

எழுந்துபோய்
என் குளிர்பெட்டியின் இணைப்பைப் பிடுங்கினேன்.
இத்தனை நாள் இவ்வளவு சத்தத்திலா இருந்தேன்?
வில் தந்தியைத் தொடுமுன்
அவர் மூச்சிழுப்பது கேட்டது.

உள்ளே அரை லிட்டர் பால் இருந்தது.