துண்டு விழும் தொகை

விண்ணப்பத்தின் நான்காம் பக்கத்தில் ஒரு கேள்வி:
விளையாட்டு மேலாண்மை ஏன்?
பத்து வரிக்கு இடம் விட்டிருந்தார்கள்.
நான் எழுதியது இரண்டு.
எங்கள் அணியைக் கலைத்தவருக்கு ஸ்கேட்டிங் தெரியாது.
கணக்கு தெரிந்திருந்தது.

கெஷ்மரோக்கில் அது மார்ச் மாதம்.
தாத்ரா மலையில் பனி இளகவில்லை.
உடைமாற்றும் அறையில் பதினான்கு பெண்கள்
ஈரக் காலுறையோடு உட்கார்ந்திருந்தோம்.
சங்கச் செயலர் கோவாச்சிக் உள்ளே வரவில்லை,
கதவுக்கு வெளியே நின்றே படித்தார்.
மரியாதையாம்.
ஒரு தாள், ஓர் அட்டவணை, கடைசிக் கட்டத்தில் சுழியம்.
திமெயா முகக்கவசத்தைக் கழற்றாமலே அழுதாள்.
நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அப்படியொன்றை எழுதத் தெரிந்தவள்
எங்கள் பக்கம் ஒருத்தி இருந்திருக்கலாம்.

படிப்பைப் பற்றிய வழவழப்புப் புத்தகத்தில்
கோட்டு அணிந்த ஒருவன்
காலி அரங்கின் நடுவே கைகட்டி நின்றான்.
பின்னால் நாற்பதாயிரம் நாற்காலிகள்.
வேலைவாய்ப்பு என்ற தலைப்பின் கீழ் வண்ணக் கட்டங்கள்:
வீரர்களின் முகவர், அரங்க இயக்குநர், ஒளிபரப்பு உரிமை.
அப்பா லாரிப் பட்டறையிலிருந்து வந்த கையோடு
அதைப் புரட்டினார்; ஓரமெல்லாம் கிரீஸ் ரேகை.
"சம்பளம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?"
அந்தப் பக்கம் மட்டும் இல்லை.

பிராத்திஸ்லவாவில் மூன்று வருடம்.
ஒப்பந்தச் சட்டம் பிடித்தது, சந்தையியலில் தூங்கினேன்.
வகுப்பில் எழுபது பேர்.
அறுபது பேர் முழங்காலில் தையல் தழும்போடு வந்தவர்கள்.
மீதிப் பத்துப் பேரின் அப்பாவுக்குச் சொந்தமாகக் கிளப் இருந்தது.
முடித்த கோடையில் நாற்பத்தொரு கடிதம் எழுதினேன்,
மூன்று பதில் வந்தது.
இரண்டு, சம்பளமில்லாப் பயிற்சி.
மூன்றாவது கெஷ்மரோக்.
கையெழுத்து: கோவாச்சிக்.

கோட்டு வாங்கினேன். ஒரே ஒருமுறை போட்டேன்.
வேலை என்பது
இருநூறு காலுறைகளில் ஜோடி தேடுவது,
குளிரூட்டும் இயந்திரக்காரரிடம் கடன் சொல்வது,
பையனின் பல்லைப் பாலில் போட்டுவைத்திருக்கிறோம், பதறாதீர்கள் என்று
ஒரு தாய்க்குப் போன் போடுவது.
அப்பாவுக்கு இன்னும் பக்க எண் சொல்லவில்லை.

பிறகு வேறொரு மார்ச்.
மேசைக்கு இந்தப் பக்கம் நான்,
அதே அட்டவணை என் கணினியில்.
சிறுமியர் அணி, பதினொரு பேர்,
காலை ஐந்தே முக்கால் மணி,
யாரும் வாடகைக்குக் கேட்காத பனி.
"சுழியம் போட்டுவிடு" என்றார் கோவாச்சிக்.
சொன்ன பிறகு ஜன்னலைப் பார்த்தார்.
ஒரு விசையைத் தட்டினால் போதும்.
அவர் அன்று ஏன் உள்ளே வரவில்லை என்று
கோபமில்லாமல் யோசிக்க முடிந்தது முதல்முறையாக.
கணக்கு பொய் சொல்லவில்லை,
ஆறாயிரத்து நானூறு யூரோ துண்டு விழத்தான் செய்கிறது.

வங்கிக்குப் போனேன், பியர் ஆலைக்குப் போனேன்.
பல் மருத்துவர் சிரித்தார்,
உங்களால் எனக்கு விளம்பரமே தேவையில்லை என்று.
கடைசியில் ஹுதாக்.
சவப்பெட்டி செய்கிறவர்.
"என்னிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை" என்றார்
முழங்கையில் மரத்தூளைத் தட்டியபடி.
"எங்கே போடுவாய்?"
வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: பனியை மழிக்கும் வண்டியில்.

ஆக, சனிக்கிழமை இடைவேளைகளில்
ஹுதாக்கின் பெயர் தளத்தைச் சுற்றி வருகிறது
மணிக்கு ஒன்பது கிலோமீட்டரில்.
கறுப்பில் வெள்ளை எழுத்து: அவசரம் வேண்டாம்.
முதல் நாள் அரங்கமே சிரித்து உருண்டது.
கோவாச்சிக் தலையில் கைவைத்துக்கொண்டார்,
ஹுதாக் எழுந்து தொப்பியைக் கழற்றினார்.

இந்த வேலைக்கு அந்தப் புத்தகத்தில் கட்டம் இல்லை.
அடுத்த வருடம் தருவாரா, தெரியாது.
ஒப்பந்தம் ஒரு வருடத்துக்குத்தான்,
எழுதியவள் நான்.

ஐந்தே முக்கால்.
விளக்குகள் முனகி முனகி விழிக்கின்றன.
பதினொன்றில் ஒன்பது பேர் வந்தாயிற்று.
கயிறு அவிழ்ந்த ஒருத்தியின் முன் மண்டியிடுகிறேன்.
"நீங்கள் கோச்சா?"
"இல்லை."
"பிறகு யார்?"
குனிந்து இறுக்கிக் கட்டுகிறேன்.
ஒரு காலுறை நீலம், ஒன்று பச்சை.