கேட்டது மட்டும்

ஹெவ்லொக் வீதி, மூன்றாம் மாடி.
வனக்காவலர் பிலேந்திரனின் குறிப்பேட்டைக்
கணினியில் ஏற்றுகிறேன்.
பென்சில் எழுத்து.
வியர்வை பட்ட பக்கத்தில்
இருவாச்சி பாதி கரைந்திருக்கிறது.

பாலை பழுத்த மாதம்:
மாங்குயில் பதினொன்று.
பச்சைப்புறா, "எண்ண விடவில்லை."
கௌதாரி நான்கு, நாலும் ஓட்டம்.
பக்கி ஒன்று, பாதை நடுவே.
"ஜீப்பை நிறுத்தினோம். எழும்பவில்லை.
நாங்கள்தான் சுற்றிப் போனோம்."

படிவத்தில் இதற்கெல்லாம் இடமில்லை.
எண் கேட்கிறது, கொடுக்கிறேன்.

ஐப்பசிப் பக்கம், கடைசி வரி:
ஆறுமணிக்குருவி. கேட்டது மட்டும்.
வெறும் பெட்டியைக் கணினி ஏற்காது.
சுழியம் போட்டால் காடு பொய்யாகும்.
தொலைபேசி எடுத்தேன்.
சிக்னல் அறுந்து அறுந்து வந்தது அவர் குரல்:
"பிள்ளை, விசில் ஒண்டு.
குருவி எத்தனை எண்டு
அதுகளுக்குத்தான் தெரியும்."

பெட்டியை அப்படியே விட்டு இறங்கினேன்.

வெள்ளவத்தை ஒழுங்கை, மழை விட்ட நேரம்.
யாரோ வீட்டு ஜெனரேட்டர்,
பாண்காரனின் ஓட்டோப் பாட்டு.
கட்டாமல் கிடக்கும் காணியில்
பப்பாசிக்குப் பின்னால்
இரண்டு தட்டாக ஒரு விசில்.

மணி ஆறு மூன்று.
மதில் என் தோள் உயரம்தான்.
எட்டிப் பார்க்கவில்லை.